பழைய ஜிப்ஸியில் பெட்ரோல் பம்ப்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலை ரோட்டில் வண்டி நின்றால் முதல் பழி பம்ப் மேல்தான். தேனி மாவட்டத்துக் கூடலூரில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வரும்போதே தீர்ப்போடு வருவார்கள். "அண்ணே, பம்ப் போயிருச்சு, புதுசு வாங்கிட்டேன், மாட்டி மட்டும் குடுங்க" என்று அட்டைப்பெட்டியை நீட்டுவார்கள். குமுளியிலிருந்து இறங்கும் சேட்டன்மார் "பம்பு போயி" என்று கையை விரிப்பார்கள். போயிருக்கலாம். ஆனால் பம்ப் தானாகச் சாவது குறைவு. எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) பிடிக்காத வயர், அடைத்துப்போன சல்லடை, காலி டாங்க் என்று ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். கொன்றது எது என்று பார்க்காமல் புதுப் பம்ப்பை மாட்டினால் அதுவும் சீக்கிரம் அதே வழியில் போய்விடும்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், மெக்கானிக் இல்லை. அதனால் எதையும் வயர் பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன். இங்கே சொல்வது பெரும்பாலும் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) உள்ள மாருதி ஜிப்ஸியை வைத்து. ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் இன்னும் அந்த வண்டியை விடவில்லை. 2000 வாக்கில் ஜிப்ஸியில் எம்பிஎஃப்ஐ வந்ததிலிருந்து பம்ப் டாங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய விட்டாரா, சிஆர்-வி மாதிரி பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். டீசல் ஜீப்காரர்களுக்குக் கீழே தனியாகக் கொஞ்சம் இருக்கிறது.

வண்டி முன்கூட்டியே சொல்லும்

பம்ப் ஒரே நாளில் போவது அபூர்வம். முதலில் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். ஒரு சுற்றில் பிடித்த வண்டிக்குச் செல்ஃபை நீளமாக அடிக்க வேண்டிவரும். அப்புறம் ஏற்றத்தில் தெரியும். லோயர் கேம்ப் தாண்டி குமுளிக்கு ஏறும்போது, சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி இரண்டாம் கியரில் மிதித்தால் இழுக்காது, குலுங்கும். காலை எடுத்து மெதுவாக மிதித்தால் போகும். எஞ்சினுக்கு நிறைய பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வராமல் போவதுதான் இதன் அடையாளம். பிளக், காயில் கோளாறு என்றால் பல நேரம் ஐட்லிங்கிலேயே ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிப்பது தெரியும்.

மூன்றாவது அறிகுறி சத்தம். சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய 'ம்ம்ம்' கேட்டு நின்றால் அது ஆரோக்கியமான சத்தம். ஓடும்போது டாங்க் பக்கம் கீச்சென்று இழுக்கும் சத்தம், பெட்ரோல் குறையக் குறைய அதிகமாகும் என்றால் பம்ப் எதையோ கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

வண்டி சூடாகி நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறதா? மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேக்குள் சால்டர் விட்டிருக்கலாம். இரண்டுமே சூட்டில் விலகி ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ரிலேயைப் பார்க்காமல் பம்ப்பை இறக்குகிறவர்கள்தான் அதிகம்.

நின்ற இடத்திலேயே

வண்டி வளைவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. முதலில் கல் வைத்து, ஹசார்ட் போட்டுவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டு, அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் பம்ப்பில் ஒன்றுமில்லை. டாங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, எவ்வளவு நல்ல பம்ப்பாலும் இழுக்க முடியாது. ஒரு மணி நேரம் ஓடி நிற்கும், பத்து நிமிடம் கழித்து ஓடும், மறுபடி நிற்கும். தொலைந்த மூடிக்குப் பதிலாக வேறு வண்டியின் மூடியைப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். சேற்றில் ஓடும் வண்டிகளில் டாங்குக்குக் காற்று விடும் பிரீதர் ஹோஸில் மண் அடைத்தும் வரும்.

மூடியில் ஒன்றுமில்லையென்றால் சாவியை ஆன் செய்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் காதைக் கொடுங்கள். பஸ் நிற்கும் இடத்தில் கேட்காது. கூட இருப்பவரைப் பின்னால் டாங்க் பக்கம் குனியச் சொல்லி நீங்கள் சாவி போடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் ஃப்யூஸ். ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். பின்களும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து மாற்றிப் போட்டு முயலுங்கள். வண்டி ஓடி ஹாரன் அடிக்காமல் போனால் நோய் எதில் என்று தெரிந்துவிட்டது. ஹாரன் இல்லாமல் மலை இறங்குவது நல்லதில்லை, மெதுவாக வாருங்கள்.

ரிலேயும் சரி, இன்னும் சத்தமில்லை. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டாங்கின் அடியில் ரப்பர் சுத்தியலாலோ செருப்புக் காலாலோ இரண்டு தட்டு தட்டுங்கள். ஸ்டார்ட் ஆனால் பிரஷ் தேய்ந்த பம்ப். அன்றைக்கு வீடு சேர்வீர்கள். மறுநாள் அதே வித்தையை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் இல்லையா ஸ்பார்க் இல்லையா என்று பிரிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் குழாயில் கார்புரேட்டர் கிளீனரை ஒரு துளி அடித்து, குழாயை மாட்டிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரு விநாடி பிடித்து நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. அசையவே இல்லையென்றால் பம்ப்பை மறந்துவிட்டு ஸ்பார்க் பக்கம் போங்கள். எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் கம்ப்யூட்டருக்கு வராவிட்டால் அது பம்ப்பையும் நிறுத்திவிடும். சென்சார் கோளாறுக்குப் பம்ப் மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது.

12 வோல்ட் காட்டுவது போதாது

என் தொழிலில் மற்றவர்கள் அவசரப்படுவது இங்கேதான். பம்ப்பின் கப்ளரை (வயர் செருகும் இணைப்பை) கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் காட்டியதும் "வயரிங் ஓகே, பம்ப்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். கப்ளரைக் கழற்றிய பிறகு அந்த வயரில் கரண்ட் ஓடுவதில்லை. வயரில் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பம்ப் 4, 5 ஆம்பியர் கேட்கும்போது அந்த ஒற்றை இழையால் தர முடியாது. அளப்பதென்றால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

சாவி போட்டால் பம்ப் இரண்டு மூன்று விநாடிதான் ஓடும் என்பதால், அளக்கும் வரை அதை ஓட வைக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் சிக்கலே இல்லை. ஓடாத வண்டியில் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, 30, 87 என்று எண் போட்ட பின்களின் இடத்தை 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயரால் இணையுங்கள். எண் போடாத ரிலே என்றால் வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், குத்துமதிப்பாக இணைத்தால் கம்ப்யூட்டர் போகும். பம்ப் ஓட ஆரம்பித்ததும் கப்ளரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை உள்ளே விட்டு அளக்கவும்.

மீட்டரின் சிவப்பு பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு பம்ப்பின் பிளஸ்ஸில். இப்படி வைத்தால் மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் கறுப்பு பேட்டரி மைனஸில், சிவப்பு பம்ப்பின் எர்த் வயரில். இது 0.2க்கு மேல் போகக் கூடாது. பழைய வண்டிகளில் நான் பார்க்கும் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவில்தான். 1 வோல்ட், சில சமயம் 2 வோல்ட் எர்த்திலேயே போய்விடும். பம்ப்புக்குக் கிடைப்பது பத்து, பத்தரை. மோட்டார் ஓடும், சத்தமும் வரும், வேகம் மட்டும் இருக்காது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

அந்த எர்த் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பின்பக்க பாடியில் ஒரு சின்ன போல்ட். அதில் வளையம் போட்ட கறுப்பு வயர். மேலே பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், வண்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தவர் போல்ட்டோடு சேர்த்து அடித்திருப்பார். போல்ட்டைக் கழற்றி வளையத்தை நிமிர்த்தினால் அடியில் தகரம் செம்மண் நிறத்தில் உதிரும். வளையத்தின் உட்பக்கம் பச்சை பூத்திருக்கும். தகரத்தை வெள்ளையாகும் வரை உப்புத்தாளால் தேய்த்து, புது வளையம் வைத்து சால்டர் செய்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் அதோடு பிரச்சினை தீர்ந்தது. வண்டன்மேட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு ஜிப்ஸியில், வேறெங்கோ மாட்டிய புதுப் பம்ப் உள்ளே நன்றாகவே இருந்தது. அதற்கு வேண்டியது இந்த வளையம்தான். விலை சில ரூபாய்.

கப்ளரையும் பாருங்கள். பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பேறி இளகியிருந்தால் அந்தப் பின் லூஸ். லூஸான இடம் சூடாகும், சூட்டில் இன்னும் லூஸாகும். கப்ளரை மாற்றாமல் பம்ப்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்ப்பின் பின்னையும் அது எரிக்கும்.

கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளப்பது) இருந்தால் இன்னொன்றும் தெரியும். நல்ல பம்ப் பொதுவாக 4 முதல் 7 ஆம்பியர் எடுக்கும். அதற்கு மேல் போனால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது முன்னால் ஃபில்டர் அடைத்து முக்கிக்கொண்டிருக்கிறது. மிகக் குறைவாக எடுத்தால் வயரிலோ பிரஷிலோ கரண்ட் தடைபடுகிறது. ஆல்டர்னேட்டரை விட்டுவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இல்லையென்றால், இரவில் லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு மழையில் ஏறும்போது பம்ப்புக்கு மிஞ்சுவது என்ன என்று யோசியுங்கள்.

பிரஷர்

கரண்ட் சரியாகப் போகிறது, ஆனாலும் வண்டி இழுக்கவில்லை என்றால்தான் பிரஷர் கேஜ். ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோலை டாங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பம்ப் ஓடி எஞ்சின் நிற்கும்போது பொதுவாக இரண்டரை முதல் மூன்று பார் வரை இருக்கும், அதாவது 36 முதல் 44 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை அதன் மேனுவலில் பாருங்கள். எண்ணைவிட முக்கியம், முள் எப்படி நடந்துகொள்கிறது என்பது.

பம்ப் நின்ற பிறகு முள் அப்படியே நிற்க வேண்டும், மெல்ல இறங்கலாம். உடனே விழுந்தால் பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வோ, பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, இன்ஜெக்டரோ ஒழுகுகிறது. கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: நிறுத்தி வைத்த வண்டியில் சாவியை ஆன், ஆஃப் என்று இரண்டு மூன்று முறை செய்துவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் லைன் காலியாகியிருந்தது என்று அர்த்தம்.

பிரஷர் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு கணம் மட்டும் அமுக்கிப் பாருங்கள். முள் விருட்டென்று ஏறினால் பம்ப்புக்குப் பலம் இருக்கிறது, ரெகுலேட்டர்தான் திறந்தபடி கிடக்கிறது. ஏறவே இல்லையென்றால் ஃபில்டர், சல்லடை, பம்ப் இவற்றில் ஒன்று. ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு கிழிந்திருக்கிறது.

அளவும் பார்க்க வேண்டும். பிரஷர் காட்டும் பம்ப் அளவு தராமல் ஏமாற்றும். ரிட்டர்ன் ஹோஸை ஒரு கேனில் விட்டு அரை நிமிடம் ஓடவிட்டால் அரை லிட்டராவது வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இதைச் செய்யும்போது பக்கத்தில் பீடி, அடுப்பு, கிரைண்டர் எதுவும் கூடாது, தீயணைப்பான் கையில் இருக்கட்டும். பட்டறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

டாங்கைத் திறந்தால்

திறப்பதற்கு முன் லைனில் நிற்கும் பிரஷரை இறக்க வேண்டும். பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், தானாக நின்றுவிடும். பிறகு இரண்டு முறை செல்ஃப் அடித்துவிட்டு பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் இறங்குங்கள். டாங்கில் பம்ப்பைத் தாங்கும் தட்டின் மேல் படிந்த மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளி, காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு போல்ட்டைத் தொடுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் அத்தனையும் உள்ளேதான் விழும்.

"பெட்ரோலுக்குள்ள கரண்ட் மோட்டார் ஓடுதே, பத்திக்காதா?" என்று கேட்காத ஆளில்லை. பற்றாது. பெட்ரோல் ஆவி எரிய காற்றில் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரை இருக்க வேண்டும். மூடிய டாங்குக்குள் ஆவி அதைவிட மிக அதிகம், எரியத் தேவையான காற்று இல்லை. ஆபத்து டாங்கைத் திறந்த பிறகுதான். அதனால்தான் வெளிச்சத்துக்கு குண்டு பல்ப் வேண்டாம் என்று சொல்வது.

பம்ப்பை வெளியே எடுத்ததும் அடியிலுள்ள சல்லடையைப் பாருங்கள், வண்டியின் கதை முழுக்க அதில் இருக்கும். புதிது வெளுப்பாக, துணி மாதிரி மெத்தென்று இருக்கும். செம்பழுப்பாக, விரலால் தடவினால் கடுகு போல் துகள் ஒட்டினால் டாங்க் துருப்பிடித்திருக்கிறது. கறுப்பு வழவழப்பு என்றால் பழைய பெட்ரோலின் பிசின், இல்லையென்றால் உள்ளே ஏதோ ரப்பர் கரைகிறது. தோட்டத்து வண்டிகளில் பச்சை நீலமாகப் பிளாஸ்டிக் சிம்பு கிடைக்கும். மருந்தடிக்கும் மெஷினுக்கு வாங்கி வைத்த கேன் பெட்ரோலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றுவார்கள், கேன் மூடியின் சீல் கிழிந்து உள்ளே போயிருக்கும்.

துருவைப் பார்த்த பிறகும் டாங்கைக் கழுவாமல் புதுப் பம்ப்பை இறக்குவது பணத்தை அதே டாங்கில் போடுவதுதான். லேசான துரு என்றால் கழுவி எடுக்கலாம். தகரம் ஊசித்துளை விட ஆரம்பித்தால் வேறு டாங்க் பாருங்கள். பெட்ரோல் இருந்த டாங்கில் வெல்டிங் வைக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பம்ப்பின் ஆயுள்

பம்ப் மோட்டாரைக் குளிர வைப்பதும், அதன் அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்கு மசகாக இருப்பதும் பெட்ரோல்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். கேரளாவில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். அதனால் குமுளி, அணக்கரைப் பக்கம் இருப்பவர்கள் அங்கே போட மனமில்லாமல், "கூடலூர்ல போய் ஃபுல் அடிச்சுக்கலாம்" என்று ரிசர்வ் விளக்கு எரிய எரிய இறங்குவார்கள். இறக்கத்தில் வண்டியின் மூக்கு கீழே. டாங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் முன்பக்கம் ஓடும், வளைவில் பக்கவாட்டில் ஓடும். பம்ப் பாதி நேரம் காற்றைக் குடிக்கும். சூடாகும், புஷ் தேயும். லிட்டருக்கு மிச்சப்படுத்திய ரூபாயைக் கூட்டி எடுத்து வந்து என்னிடமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கொடுப்பார்கள். கீழே போட வேண்டுமானால் போடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் கால் டாங்குக்குக் கீழே போன பிறகு மலை இறங்காதீர்கள். மேலேயே கொஞ்சம் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது தண்ணீர். குமுளியில் ஜூனில் தொடங்கும் மழை ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு பக்கம். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிருக்கு உள்சுவரில் நீர் வியர்த்து அடியில் சேரும். மழைக்காலத்தில் முக்கால் டாங்க் வைத்திருந்தால் வியர்க்க இடம் குறைவு. அதோடு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் தொடங்கி நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பழைய வண்டியை இரண்டு மாதம் ஷெட்டில் போட்டுவிட்டு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒரு முறை கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், பழைய பெட்ரோல் தீரட்டும், புதிது போடுங்கள்.

ரப்பர் விஷயமும் எத்தனாலோடு சேர்ந்ததுதான். அந்தக் காலத்து ஹோஸ்கள் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை இல்லை. விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிகிற ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது ஹோஸ் மேல் அச்சடித்ததைப் படியுங்கள். எஞ்சின் பக்கம் இன்ஜெக்ஷன் லைனுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9. டாங்குக்குள் மூழ்கி இருக்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு ஆர்10. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால் பெட்ரோலில் ஊறி உப்பிக் கரையும். நான் மேலே சொன்ன கறுப்பு வழவழப்பு பல நேரம் இதிலிருந்து வருவது.

ஃபில்டரை, புத்தகம் என்ன சொன்னாலும், பழைய டாங்க் உள்ள வண்டியில் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். அடைத்த ஃபில்டர் பம்ப்பைத்தான் அழுத்தும்.

கார்புரேட்டர் ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்குப் பம்ப் எஞ்சின் மேலேயே, கேம் தள்ளும் டயாஃப்ரம் பம்ப். ஆயில் கம்பியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து ஆயில் அளவும் ஏறியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். கோடையில் ஏற்றத்தில் நின்று, பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் ஓடுகிறது என்றால் அது வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைப்பது), பம்ப்பின் குற்றமில்லை.

டீசல் ஜீப்காரர்களுக்கு

விடியற்காலையில் கம்பம், கூடலூரிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பெரும்பாலானவை பழைய டீசல். அவற்றில் இன்ஜெக்ஷன் பம்ப்பின் பக்கவாட்டில் சின்ன ஃபீட் பம்ப் இருக்கும், கையால் அடிக்கும் பிரைமரோடு. இங்கே கரண்ட் வேலை இல்லை, எதிரி காற்று. காலையில் பிரைமரை நிறைய அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டாங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபீட் பம்ப்புக்கு வரும் லைனில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டியூபைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் டாங்க் பக்கத்து லைனில் ஓட்டை. லைனை இணைக்கும் ஓட்டை போல்ட்டான பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷரைக் கழற்றியபோதெல்லாம் பழையதையே போட்டு முறுக்குவது முதல் காரணம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் பானெட் மேல் ஒரு கேனில் சுத்தமான டீசலை வைத்து, அங்கிருந்து ஃபீட் பம்ப்புக்கு நேராக ஹோஸ் கொடுத்து ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் கோளாறு டாங்க், லைன், சல்லடை பக்கம். அப்படியும் இழுக்கவில்லை என்றால் ஃபீட் பம்ப்பின் வால்வு, ஸ்பிரிங், அதற்கடுத்து ஃபில்டர். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை திறந்து விடுங்கள். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது டீசல்) வண்டியில் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த லைனில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

கடைசியில் மாற்றியே ஆகவேண்டும் என்றால்

கம்பெனிப் பம்ப்பா, வெளிப் பம்ப்பா என்று கேட்பார்கள். பழைய வண்டிக்கு அசல் கிடைக்காமல் போகலாம். கிடைக்கும் பட்சத்தில் நான் அசலையே சொல்வேன். இல்லையென்றால் பிரஷர், லிட்டர் அளவு இரண்டும் பொருந்துகிற பெயருள்ள பம்ப். பெட்டியில் பெயர் மட்டும் பெரிதாகவும் எண் எதுவும் இல்லாமலும் இருந்தால் வாங்காதீர்கள். மலிவு பம்ப்பைக் கழற்றி மாட்டும் கூலி அதன் விலையைத் தாண்டிவிடும்.

பம்ப்போடு சல்லடை, உள் ஹோஸ், இரண்டு கிளிப், தட்டின் ரப்பர் சீல், வெளி ஃபில்டர் எல்லாம் புதிது. சல்லடையின் கோணம் பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே வர வேண்டும், திரும்பியிருந்தால் டாங்கின் அடியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், கால் டாங்கிலேயே வண்டி நிற்கும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தம் வரும், பிரஷர் வராது. அதையும் "புதுப் பம்ப்பே டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் உண்டு.

பம்ப்பைக் காலியாக ஒரு நொடிகூட ஓட்டிச் சோதிக்காதீர்கள். டாங்கில் குறைந்தது பத்து லிட்டர் ஊற்றிவிட்டு, சாவியை ஆன், ஆஃப் என்று மூன்று நான்கு முறை செய்து லைனை நிரப்புங்கள். தட்டு, ஹோஸ், ஃபில்டர் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் ஓடும்போது எர்த்தை இன்னொரு முறை அளந்து, வந்த எண்ணை மார்க்கரால் தட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்து வண்டியைப் பார்க்கிறவர், நானாக இருந்தாலும், அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்.